பாதி சரியான விடைக்கு எத்தனை மதிப்பெண்?

கணிதத் தாளைத் திருத்துவதில் ஐயத்துக்கு இடமில்லை என்பது இந்தியக் கல்விச் சூழலில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. மொழித்தாளில் ஒரு கட்டுரைக்கு ஒருவர் 6 வழங்கலாம், மற்றொருவர் 8 வழங்கலாம். கணக்கிலோ விடை சரி அல்லது தவறு, அவ்வளவுதான் என்று பெற்றோரும் மாணவரும், ஆசிரியர்களில் பலரும்கூட எண்ணுகின்றனர். இந்த நம்பிக்கை பிழையானது. அது பிழை என்பது இன்று நேற்றுத் தெரியவந்த செய்தியும் அன்று.

1888ஆம் ஆண்டிலேயே பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த், தேர்வு மதிப்பெண் என்பது பிழை கலந்த ஓர் அளவீடே என்று கொண்டு, அப்பிழையின் பரிமாணத்தைப் புள்ளியியல் வழியே கணிக்க முற்பட்டார். கால் நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் ஆகிய இருவரும் முதலில் ஆங்கிலத் தாள்களைப் பல ஆசிரியர்களிடம் தந்து திருத்தச் செய்தனர். மதிப்பெண்கள் பெரிதும் சிதறிக் கிடந்தன. மொழிப்பாடம் என்பதால்தான் இவ்வேறுபாடு என்று சொல்லக்கூடியவர்களுக்கு விடையளிப்பதுபோல, 1913இல் ஒரே மாணவரின் வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினர். நூற்றுக்கு 30க்கும் கீழிருந்து 90க்கும் மேல் வரை மதிப்பெண்கள் பரவியிருந்தன. தாளும் ஒன்று, விடைகளும் ஒன்று. திருத்திய கை மட்டுமே வேறு.

இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிய, பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் அறிந்த ஒரு கணக்கே போதும். ஒரு தொடர்வண்டி 360 கிலோமீட்டரைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் கூடியிருந்தால் பயண நேரம் 1 மணி குறைந்திருக்கும். எனில் அதன் வேகம் என்ன? வேகத்தை 'வ' என்று கொண்டால் வ² + 5வ − 1800 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். மூலங்கள் 40, −45. வேகம் எதிர்மறையாகாது, எனவே விடை மணிக்கு 40 கிலோமீட்டர்.

இக்கணக்குக்கு 5 மதிப்பெண் என்றும், சமன்பாடு அமைக்க 2, அதைச் சுருக்க 1, தீர்க்க 1½, எதிர்மறை மூலத்தை விலக்கி விடை கூற ½ என்றும் விடைக்குறிப்பு பகுத்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மாணவி ஒருத்தி சமன்பாட்டைச் சரியாக அமைக்கிறாள். சுருக்கும்போது 360ஐ 5ஆல் பெருக்கி 1800 என்பதற்குப் பதில் 1400 என்று எழுதிவிடுகிறாள். பிறகு வ² + 5வ − 1400 = 0 என்பதைப் பிசகின்றித் தீர்த்து, 35, −40 என்ற மூலங்களைக் கண்டு, −40ஐக் காரணத்தோடு விலக்கி, மணிக்கு 35 கிலோமீட்டர் என்று முடிக்கிறாள். ஒரு தேர்வாளர் பெருக்கல் பிழைக்கு மட்டும் குறைத்து 4 அல்லது 4½ வழங்குவார். மற்றொருவர் பிழை நேர்ந்த வரியிலேயே நிறுத்திக்கொண்டு 2 வழங்குவார். மூன்றாமவர் இறுதி விடையைப் பார்த்து, முயற்சிக்கு 1 என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். மூவருமே தாம் நேர்மையாகத் திருத்தியதாகவே நம்புவர்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) விடைக்குறிப்புகளின் முகப்பில் உள்ள பொது அறிவுரைகள் இவ்விடத்தில் தெளிவாகவே பேசுகின்றன. ஒரு பிழைக்கு ஒரு முறை மட்டுமே மதிப்பெண் குறைக்க வேண்டும்; அதன் தொடர்விளைவுக்காக மீண்டும் குறைக்கக்கூடாது. தகுதியுள்ள விடைக்கு முழு மதிப்பெண் வழங்கத் தயங்கக்கூடாது. குறிப்பில் இல்லாத புதிய வழியில் எழுதப்பட்ட விடையும் சரியானதாக இருந்தால் உரிய மதிப்பெண் பெற வேண்டும். விதிகளில் பெருங்குறை இல்லை. அவை விடைத்தாள் வரை சென்று சேர்கின்றனவா என்பதே கேள்வி.

விதி அறிந்தவருக்கும் சில இடங்களில் தடுமாற்றம் நேரும். மேற்கண்ட கணக்கிலேயே வேறொரு மாணவன் வ(வ + 5) என்பதை வ² + 5 என்று விரித்துவிடுகிறான். அவனுக்குக் கிடைப்பது வ² = 1795. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்க்கும் திறனைச் சோதிக்க வந்த வினா, அவன் செய்த பிழையாலேயே வெறும் வர்க்கமூலம் காணும் கணக்காகச் சுருங்கிவிட்டது. தொடர்விளைவுக்குக் குறைக்கக்கூடாது என்ற விதியின்படி அவனுக்குப் பின்படிகளின் மதிப்பெண் முழுவதும் உண்டா? வினா சோதிக்க விரும்பிய திறனை அவன் காட்டவே இல்லையே என்று கேட்பதும் நியாயமே. எந்த முடிவையும் தக்க காரணத்தோடு எடுக்கலாம். ஆனால் அதை ஒவ்வொரு தேர்வாளரும் தனித்தனியே எடுப்பதுதான் அநீதி. ஒரே பிழையைச் செய்த இருவர், இரண்டு மையங்களில் திருத்தப்பட்டதால் மட்டுமே இருவேறு மதிப்பெண் பெறுவதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

குறிப்பில் இல்லாத வழிக்கு நேர்வது இதனினும் நுட்பமானது. √5 ஒரு விகிதமுறா எண் என்று நிறுவுமாறு கேட்கப்படுகிறது. பாடநூல் வழி நன்கு அறியப்பட்டது: √5 = அ/ஆ என்றும், இரண்டும் சார்பகா எண்கள் என்றும் கொண்டு, அ என்பதை 5 வகுக்கும், ஆ என்பதையும் 5 வகுக்கும் என்று காட்டி முரண்பாட்டை அடைவது. இந்நான்கு படிகளுக்கே குறிப்பில் மதிப்பெண் பகிர்ந்திருக்கும். ஒரு மாணவி இவ்வழியில் செல்லாமல் இவ்வாறு எழுதுகிறாள்: அ² = 5ஆ² எனில், பகாக் காரணிகளாகப் பிரிக்கும்போது இடப்பக்கத்தில் 5இன் அடுக்கு இரட்டைப்படை, வலப்பக்கத்தில் ஒற்றைப்படை; ஓர் எண்ணின் பகாக் காரணிப்படுத்தல் ஒரே விதமாகத்தான் அமையும் என்பதால் இது முரண்பாடு. இரண்டே வரிகள். பிழையற்ற நிறுவல். இதற்கு வேண்டிய எண்ணியலின் அடிப்படைத் தேற்றம் அதே பாடத்திலேயே இருக்கிறது. ஆயினும் குறிப்பிலுள்ள நான்கு படிகளில் மூன்று இதில் இல்லை. நிதானமாகப் படிப்பவர் முழு மதிப்பெண் வழங்குவார். படிகளைத் தேடிக் குறியிடுபவர் பாதியோடு நிறுத்துவார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. நிறுவ வேண்டிய முற்றொருமையையே உண்மையென்று தொடக்கத்தில் எழுதி, இருபுறமும் சுருக்கி, 1 = 1 என்று முடிக்கும் விடை பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். படிகள் பின்னோக்கியும் செல்லும் என்று காட்டாதவரை அது நிறுவல் ஆகாது. அதற்கு முழு மதிப்பெண் கிடைப்பதும், அடுக்குகளை எண்ணிய மாணவிக்குப் பாதி கிடைப்பதும் ஒரே குறையின் இரு முகங்கள்: தருக்கம் வாசிக்கப்படவில்லை, வடிவமே வாசிக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டின் சுமை எல்லா மாணவர்மீதும் சமமாக விழுவதில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. முழுவதும் சரியான விடைக்கு எல்லாத் தேர்வாளரும் முழு மதிப்பெண் வழங்குவர். வெற்றுத் தாளுக்கு எல்லாரும் சுழியே இடுவர். கருத்து வேறுபாடு முழுவதும் குவிவது பாதி சரியான விடைகளில். அத்தகைய விடைகளை மிகுதியாக எழுதுபவர்கள் முதலிடம் பெறுபவர்கள் அல்லர். 33 விழுக்காடு என்ற தேர்ச்சிக் கோட்டின் அருகே நிற்பவர்கள், தனிப்பயிற்சிக்கு வழியில்லாதவர்கள், 'மதிப்பெண் கிடைக்கும்படி' எழுதும் உத்தியை யாரும் கற்றுத்தராதவர்கள். படிநிலை மதிப்பெண் என்ற ஏற்பாடு யாருக்காக உருவாயிற்றோ, அதன் சீரின்மையால் முதலில் அடிபடுபவர்களும் அவர்களே. மேல்தட்டிலும் விளைவு இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கையில் 200க்குக் கணக்கிடப்படும் தகுதி மதிப்பெண்ணில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் மட்டும் சரிபாதி. அங்கே ஒரு மதிப்பெண் கல்லூரியையே மாற்றிவிடும்.

தேர்வு வாரியங்கள் பிழைகளைப் பொருட்படுத்துவதில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவை பொருட்படுத்துவது ஒரு வகைப் பிழையை மட்டுமே. திருத்தாமல் விடுபட்ட விடை, தவறான கூட்டல், உள்பக்கத்திலிருந்து முகப்புக்கு எண் மாறிப் போதல் ஆகியவற்றை அறிவுரைகள் ஒன்றொன்றாகப் பட்டியலிடுகின்றன. அவற்றின் கொடுமையும் சிறிதன்று. 2019இல் தெலங்கானாவின் இடைநிலைத் தேர்வு முடிவுகளில் தெலுங்குத் தாளில் 99 பெற்ற மாணவி ஒருவருக்கு 0 என்று பதிவாகியிருந்தது. அம்முடிவுகளை அடுத்து மாணவர் உயிர்களும் பறிபோயின. எனினும் இத்தகைய எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்க இன்னொருவர் கூட்டிப் பார்த்தால் போதும். கணினித் திரையில் திருத்தும் முறை அதை இயல்பாகவே தவிர்க்கும். 4½ பெற வேண்டிய விடை 2 பெற்றால், எந்தக் கூட்டலும் அதைக் காட்டிக்கொடுக்காது. அது பிழையாகவே பதிவாவதில்லை.

நீதிமன்றங்களின் வழியும் குறுகியதே. 1984இல் மகாராஷ்டிர வாரியம் தொடர்பான வழக்கில், மறுமதிப்பீட்டை மறுக்கும் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2011இல் விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் 'தகவல்' என்றும், எழுதியவர் அதைப் பார்க்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. இது பெரிய திருப்பம். ஆனால் 2017இல் உத்தரப் பிரதேச ஆசிரியர் தேர்வு வழக்கில், ஐயம் எழுந்தால் அதன் பயன் தேர்வரைவிடத் தேர்வு நடத்தும் அமைப்புக்கே செல்ல வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. நீதிபதிகள் கணிதத் தேர்வாளர்களாக மாற முடியாது என்பது ஏற்கத்தக்கதே. ஆகவே, நீதி கிடைக்க வேண்டிய இடம் நீதிமன்றம் அன்று, திருத்தும் முகாம்.

அம்முகாமின் நிலை என்ன? சி.பி.எஸ்.இ. அறிவுரைப்படி முதன்மைப் பாடங்களில் ஒரு தேர்வாளர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்தில் 20 விடைத்தாள்களைத் திருத்த வேண்டும்; தாளொன்றுக்கு 24 நிமிடம். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் 38 வினாக்கள். அவற்றில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள். வழக்கமான தாளுக்கு 24 நிமிடம் தாராளமாகவே போதும். ஆனால் அடுக்குகளை எண்ணி நிறுவிய மாணவியின் இரண்டு வரிகள் மட்டுமே ஐந்து நிமிடம் கேட்கும். சராசரியை வைத்து வகுத்த நேரத்தில், சராசரியாகச் சிந்திக்காதவருக்கு இடமில்லாமல் போகிறது. களைத்த ஆசிரியரைக் குறைகூறுவது எளிது. அவருக்கு ஐயப்படவும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதல் நாளில் ஒவ்வொருவரும் திருத்திய முதல் ஐந்து தாள்களைத் தலைமைத் தேர்வாளர் பார்வையிட வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் ஒவ்வொருவரின் ஐந்தும் வெவ்வேறு தாள்கள் என்பதால், ஒரே விடைக்கு இருவர் எவ்வாறு மாறுபடுகின்றனர் என்பது அதில் வெளிப்படாது. அது வெளிப்பட, ஒரே பத்துப் பாதி சரியான விடைகளின் படிகளை எல்லாரிடமும் தந்து, தனித்தனியே திருத்தச் செய்து, எண்களை ஒப்பிட்டு, வாதிட்டு, ஒரு முடிவுக்கு வர வேண்டும். அம்முடிவு எல்லா மையங்களுக்கும் பொதுவாக வேண்டும். தாள்வாரியாக அல்லாமல் வினாவாரியாகத் திருத்தினால், ஒரே வினாவின் நூறு விடைகளைக் காணும் கண்ணுக்கு அளவுகோல் பிடிபடும். கணினித் திரையில் திருத்தும்போது இது கடினமன்று. குறிப்பில் இல்லாத வழிகளைத் தனியே ஒதுக்கி இருவர் படிக்கலாம்; அந்நேரத்தை நாளின் 20 தாள் கணக்கில் சேர்க்கக்கூடாது. மதிப்பெண் குறைத்த இடத்தில் அரை வரிக் காரணம் எழுதினால், விடைத்தாளின் படியைப் பெறும் உரிமைக்கும் பொருள் கிடைக்கும்.

ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒவ்வொரு தாளையும் இருவர் திருத்த இயலாது என்ற மறுப்பு நியாயமானது. எல்லாத் தாளும் வேண்டியதில்லை. ஒரு கூறெடுப்பை இருவர் திருத்தி, வேறுபாட்டின் அளவை வாரியமே வெளியிட்டால் போதும். வெளியிடப்படாத பிழை ஒருபோதும் குறைவதில்லை.

எல்லாவற்றையும் கொள்குறி வினாக்களாக்கிவிட்டால் சிக்கல் தீருமே என்பது மற்றொரு வாதம். அப்போது திருத்துபவர்களிடையே முழு உடன்பாடு நிலவும் என்பது உண்மை. 35 என்று முடித்த மாணவிக்கு அனைவரும் ஒருமித்துச் சுழி வழங்குவர். சமன்பாட்டை அமைத்த அவளும், வினாவைப் படிக்காமலே ஒரு கட்டத்தை நிரப்பியவரும் அங்கே ஒன்றே. உடன்பாடு நீதிக்கு இன்றியமையாதது. ஆனால் அது மட்டுமே நீதி ஆகாது.

அரை மதிப்பெண் என்பது இரக்கத்தால் இடும் பிச்சை அன்று. மாணவர் எழுதிக் காட்டிய ஒரு சிந்தனைப் படிக்கு உரிய விலை. அவ்விலை மையத்துக்கு மையம் மாறாமல் இருக்க, முகாமின் முதல் நாள் ஒன்றைக் கலந்தாய்வுக்கு ஒதுக்க வேண்டியிருக்கும். தேர்வு முடிவுகள் ஒரு நாள் தாமதமாக வருவதில் யாருக்கும் பேரிழப்பு இல்லை.