நட்சத்திர மீன் சொல்லும் சாட்சி

"ஒரு பிராணி இன்னொன்றாக மாறியது என்கிறீர்களே, நடுவிலே நின்ற பிராணி எங்கே?" பரிணாமத்தை நம்பாதவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லக் கடலிலே ஒரு சாட்சி உண்டு. அதுதான் நட்சத்திர மீன்.

நமக்கு வலம், இடம் உண்டு. முன், பின் உண்டு. நட்சத்திர மீனுக்கோ ஐந்து கைகள். தலை எது, வால் எது என்றே தெரியாது! ஆனால் அதன் குஞ்சைப் பாருங்கள்: நம்மைப் போலவே வலமும் இடமுமாக அமைந்திருக்கிறது. வளரும்போதுதான் ஐந்தாகிறது. அப்படியானால் அதன் மூதாதையரும் இரு பக்க உடல் கொண்டவர்களோ?

ஆம் என்றன பாறைகள். ஸ்பெயினில் கிடைத்த சுமார் 50 கோடி ஆண்டுப் புதைபடிவம் ஒன்றை எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்து 2012-ல் அறிவித்தார்கள். 'டெனோஇம்ப்ரிகாட்டா' என்ற அந்தப் பிராணிக்கு நட்சத்திர மீன் குலத்துக்கே உரிய சுண்ணாம்புத் தகடுகள் இருந்தன. உடலோ இரு பக்க உடல்! கலிபோர்னியாவில் கிடைத்த 'ஹெலிகோபிளாக்கஸ்' உடலில் உணவு திரட்டும் வாய்க்கால்கள் மூன்று. மொராக்கோவில் கிடைத்து, 2013-ல் அறிவிக்கப்பட்ட 'ஹெலிகோசிஸ்டிஸ்' உடலில் ஐந்து. இரண்டு, மூன்று, ஐந்து: படிகள் தெரிகின்றன அல்லவா?

இவற்றுள் ஸ்பெயின் பிராணியே வயதில் இளையது. அதனால் வாதம் கெடவில்லை. பேரன் பிறந்த பிறகும் பாட்டனாரின் தம்பி பழைய கோலத்திலேயே ஊரில் நடமாடுவதில்லையா? அதுபோலத்தான்.

2023-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நட்சத்திர மீனின் மரபணுக்களைச் சோதித்தார்கள். மற்றப் பிராணிகளில் தலையை அமைக்கும் மரபணுக்கள் அதன் மேனியெங்கும் வேலை செய்கின்றன. நடு உடலை அமைப்பவை அநேகமாக அங்கே இல்லை. தலையைத் தேடினோம், பிராணியே பெரும்பாலும் தலையாக இருக்கிறது!

அதே 2023-ல்தான் நம் நாட்டில் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூல் பரிணாமப் பகுதி இல்லாமல் வெளிவந்தது. பாடச் சுமையைக் குறைக்கவே என்றார்கள். 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதைக் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். அவர்கள் கவலை நியாயமானது. பத்தாம் வகுப்போடு அறிவியலுக்கு விடை கொடுக்கும் பிள்ளைகள் அநேகர். சாட்சி எங்கே என்று அவர்கள் கேட்கட்டும், தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் சாட்சியைக் கூண்டில் ஏற்றாமலே வழக்கை முடிப்பது எந்த ஊர் நியாயம்?