காவலூர் மலைக்கு இருட்டு வேண்டும்!

நட்சத்திரங்களைப் படம் பிடிக்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. முதலில் வேண்டியவை இரண்டு. ஒன்று, நல்ல பீடம். மற்றொன்று, நல்ல இருட்டு. பீடத்தைக் கடையில் வாங்கலாம். இருட்டை வாங்க முடியாது!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்றால் தோல் தொழில்தான் நினைவுக்கு வரும். அவ்வூர்களுக்கு அருகே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே 1968 முதல் விஞ்ஞானிகள் வானத்தை ஆராய்ந்து வருகிறார்கள்.

நகரும் வானம்

பூமி பம்பரம் போலச் சுழல்கிறது. அதனால் நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதுபோலத் தோன்றுகின்றன. இரண்டே நிமிஷத்தில் வானம் ஒரு முழு நிலவின் அகலம் நகர்ந்துவிடும். மங்கலான நட்சத்திரம் படத்தில் விழ, காமிரா வெகுநேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் நட்சத்திரம் நகர்ந்து, புள்ளிக்குப் பதில் கோடாக விழுந்துவிடும்.

இதற்கு வழி என்ன? காமிராவைத் தாங்கும் பீடமும் வானத்தோடு திரும்ப வேண்டும். சிறு மோட்டார் அதைத் திருப்பும். பீடத்தின் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சாய்வின் அளவு, ஊரின் அட்சரேகை அளவே. வேலூருக்கு அது ஏறக்குறைய 13 பாகை. ஆகையால் இங்கே துருவ நட்சத்திரம் மிகவும் தாழ்வாகத் தெரியும். மலையோ மாடியோ அதை மறைத்துவிடும். வடக்கே திறந்த வெளியுள்ள இடமே ஏற்றது.

புதிதாகத் தொடங்குவோர் நிலவைப் படம் பிடித்துப் பழகலாம். நிலவு பிரகாசமானது, நொடிப்பொழுதில் படம் விழும். பிறகு பீடத்தில் காமிராவை மட்டும் ஏற்றலாம். தொலைநோக்கியைக் கடைசியில் ஏற்றலாம். சிறு பீடத்தில் பெரும் பாரம் ஏற்றினால், காற்றடித்தாலே படம் ஆடிவிடும்.

பெரியதற்கும் அதே கணக்கு

காவலூரின் பெரிய தொலைநோக்கியில் உள்ள கண்ணாடியின் குறுக்களவு 2.34 மீட்டர். இந்தியாவிலேயே செய்யப்பட்ட அது 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் பீடமும் இதே முறையில்தான் திரும்புகிறது.

1988-இல் காவலூரில் எடுத்த படத்தில் ஒரு சிறு கோள் அகப்பட்டது. கணித மேதை ராமானுஜன் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

மேலே போகும் வெளிச்சம்

இன்றைய கவலை வேறு. ஊர்கள் வளர்கின்றன. எல்.இ.டி. விளக்குகள் பெருகுகின்றன. மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறுகிறது. வானம் வெளுக்கிறது. மங்கலான நட்சத்திரங்கள் மறைகின்றன. எவ்வளவு நல்ல பீடமும் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது.

அதற்காகத் தெருவிளக்கை அணைக்க வேண்டுமா? வேண்டாம். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு வெளிச்சம் அவசியம். விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் போதும். வெளிச்சம் முழுவதும் தரையில் விழும். மின்சாரமும் வீணாகாது.

லடாக்கில் ஹான்லே என்ற மலைக்கிராமத்தைச் சுற்றியுள்ள பகுதி, 2022-இல் இருட்டுக் காப்பகம் ஆயிற்று. ஊர் மக்களே பயிற்சி பெற்று, வருவோருக்கு வானத்தைக் காட்டுகிறார்கள். அதனால் வருமானமும் வருகிறது.

ஜவ்வாது மலை மக்களுக்கும் அந்த வழி திறக்கக் கூடாதா? மலையடிவார ஊராட்சிகளும் தொழிற்சாலைகளும் விளக்குகளுக்கு மூடி போடுவதில் தொடங்கலாம். அடுத்த தலைமுறைப் பிள்ளைகளும் வீட்டு வாசலில் நின்று நட்சத்திரங்களை எண்ண வேண்டும் அல்லவா?