உறங்க வைக்கும் உரிமை யாருக்கு?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

கைப்பேசியை நாம் கையில் எடுக்காத நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? திரை இருண்டிருக்கிறது, ஆகவே அதுவும் உறங்குகிறது என்றே நினைக்கிறோம். உண்மை அதுவன்று. நாம் திறந்து பார்த்துவிட்டு மறந்துபோன செயலிகள் திரைக்குப் பின்னால் விழித்திருக்கக்கூடும். ஒன்று விளம்பரத்தைத் தேடிக் கொணரும். மற்றொன்று நாம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும். செலவாவதோ நம்முடைய பேட்டரி, நம்முடைய டேட்டா. இவற்றை விழித்திருக்க விடுவதா, உறங்க வைப்பதா? அதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்?

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது நான் எட்டாம் வகுப்பு மாணவன். அரிமளத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின. ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்காரரிடம் காசு கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றி வருவோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமாவின் அழைப்புக்காக அதை அப்படியே வைத்துக் காத்திருப்போம். யாரும் தொடாமலேயே அது மாலைக்குள் அணைந்துவிடும். "உள்ளுக்குள்ள எவனோ உக்காந்து திங்கிறான்" என்றார் அம்மா. பள்ளிக்கூடம் போகாதவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். சிக்னல் இல்லாத இடத்தில் அதைத் தேடுவதற்கே போன் நிறையச் செலவழிக்கும். எப்போதாவது இணைப்புக் கிடைத்தால், தேங்கிக் கிடந்த செயலிகளெல்லாம் முண்டியடித்துக்கொண்டு எழும்.

இந்தத் தீனிக்காரர்களைக் கட்டுப்படுத்த எழுந்தவையே இன்றைய விதிகள். ஆப்பிள் நிறுவனம் 2008இல் பிறருடைய செயலிகளுக்குக் கடை திறந்தபோது, பின்னணியில் இயங்க அவற்றை விடவேயில்லை. 2010இல்தான் பாட்டு, இணைய அழைப்பு, இடங்காட்டல் போன்ற சில வேலைகளுக்கு இடம் கொடுத்தது. ஆண்ட்ராய்டோ தொடக்கத்தில் வாசலைத் திறந்தே வைத்திருந்து, பின்னர் சிறிது சிறிதாக அடைத்தது. அசையாமல் கிடக்கும் போனை ஆழ்ந்து உறங்கச் செய்யும் 'டோஸ்' 2015இல் வந்தது. நாம் எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறோம் என்பதைக் கொண்டு செயலிகளை வகுப்புகளாகப் பிரிக்கும் முறை 2018இல் வந்தது. சில மாதங்கள் திறக்கப்படாத செயலியை முற்றிலும் முடக்கும் முறை 2021இல் வந்தது; அவ்வாறு முடங்கிய செயலிக்கு அவசரச் செய்தியும் போய்ச் சேராது.

இவ்விதிகளை நான் வரவேற்கிறேன். விலை குறைந்த போன், அதுவும் கைமாறி வந்த போன் வைத்திருக்கும் நம்மைப் போன்றோருக்கு இவை பெரும் உதவி. ஆனால் ஓரிடத்தில் இக்கணக்கு தவறிவிடுகிறது. அடிக்கடி பயன்படுவதுதான் அவசியமானது என்று கருதுவது முறையாகுமா? தீயணைப்பு நிலையத்தை நாம் நாள்தோறும் அழைப்பதில்லையே! பேரிடர் எச்சரிக்கைக்காகத் தமிழக அரசு தந்த டிஎன்-ஸ்மார்ட்டையோ, நாற்பது கிலோமீட்டர் சுற்றுவட்டத்து மின்னலை அறிவிக்கும் தாமினியையோ பொழுதுபோக்காகத் திறந்து பார்ப்பவர் எவருமிலர். ஆகவே அவைதாம் முதலில் உறங்க வைக்கப்படும் வகுப்பில் விழுகின்றன. நாள்தோறும் நூறு முறை திறக்கும் குறும்படச் செயலிக்கோ முதல் வகுப்பு மரியாதை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே உறவினர் போன்களுக்கெல்லாம் நானே வைத்தியன். ஆடு மேய்க்கும் அப்பாவின் போனில் மின்னல் எச்சரிக்கைச் செயலி ஒன்றை நான்தான் போட்டுக் கொடுத்தேன். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் தைலமரக் காட்டோரம் அவர் நின்றிருந்தபோது இடி இறங்கியது. இரண்டு ஆடுகள் போயின. போன் சட்டைப்பையில் வாய் திறக்காமல் கிடந்தது. மாலையில் வாங்கிப் பார்த்தேன். செயலியில் பழுதில்லை. போனைச் செய்தவர்கள் தாமாகச் சேர்த்திருந்த 'மின்சேமிப்பு' அதை எப்போதோ உறங்க வைத்திருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், "நீ படிச்ச படிப்பு இதுதானா?" என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? அமைப்புகளுக்குள் சென்று பார்த்தால் 'பேட்டரி மேம்படுத்தல்' என்றிருக்கிறது. மேம்படுத்துகிறேன் என்றால் வேண்டாம் என்பார் உண்டா? 'உறங்க வைக்கிறேன்' என்று நேராக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அரசே கோபுரங்களின் வழியாக எல்லாப் போன்களையும் ஒலிக்கச் செய்யலாமே என்று எங்கள் விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். 2023இல் நாடெங்கும் நடந்த அந்தச் சோதனை நினைவிருக்கும். ஆசிரியரின் போன் அலறியதில் வகுப்பே எழுந்து நின்றது. நல்ல ஏற்பாடுதான், புயலுக்கும் வெள்ளத்துக்கும் போதும். ஆனால் தாத்தாவின் இன்சுலின் நேரத்தைக் கோபுரம் நினைவூட்டாது.

விலக்குக் கொடுத்தால் ஒவ்வொரு செயலியும் எனக்கும் என்று கையேந்தாதா என்பது நியாயமான அச்சம். ஆகவே செயலி கேட்கக் கூடாது. போனே கேட்க வேண்டும். எல்லாம் உறங்கட்டும். ஆனால் ஒன்றை உறங்க வைக்கும் முன், "இதை உறங்க வைக்கட்டுமா? வைத்தால் இதன் எச்சரிக்கை உங்களுக்கு வராது" என்று உடையவரை அவர் மொழியில், எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவருக்குக் குரலில், ஒருமுறை கேட்கட்டும். அவர் கொடுத்த விடையைப் போன் செய்யும் நிறுவனங்கள் பின்வாசல் வழியாக மாற்றக் கூடாது. விழித்திருப்பவை எவை, உறங்குபவை எவை என்ற பட்டியல் எல்லாப் போன்களிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அப்பாவின் போனில் அந்த விலக்கைக் கொடுக்க ஆறு திரைகளைக் கடக்க வேண்டியிருந்தது. கேள்விப்பட்டு அடுத்த ஞாயிறன்று ஆடு மேய்ப்போர் நால்வர் தம் போன்களோடு வந்தனர். நான்கிலும் அது நான்கு வெவ்வேறு இடங்களில் இருந்தது. ஒன்றில் இன்றுவரை எனக்கு அகப்படவில்லை.