தப்பு கையில் இல்லை, டிவியில்!

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அடுத்த மாதமே தீபாவளி. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் தைக்கும் ஓர் அண்ணன், போனஸ் பணத்தில் 43 அங்குல டிவி வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வீடே பளபளக்கிறது. பரணில் தூங்கிக்கொண்டிருந்த பிளேஸ்டேஷன் 2 கீழே இறங்குகிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைச் சொருகியாயிற்று. போட்டது ஈஏ கிரிக்கெட் 07. ஒரு காலத்தில் இதே விளையாட்டில் ஓவருக்கு நாலு சிக்ஸர் அடித்த கை அது.

முதல் பந்து... போல்டு! இரண்டாவது பந்து... மறுபடியும் போல்டு!

"உனக்கு வயசாயிடுச்சுண்ணா, கை வரலை" என்று தம்பி சிரிக்கிறான். அண்ணனும் அதை நம்பிவிடுகிறார். ஜாய்ஸ்டிக் மறுபடியும் பரணுக்குப் போகிறது.

உண்மையில் அண்ணனுக்கு ஒன்றும் வயசாகவில்லை. புது டிவிதான் அளவுக்கு மீறி யோசிக்கிறது!

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

பழைய டப்பா டிவிக்கு மூளை கிடையாது. அதுதான் அதன் பெருமை. உள்ளே வரும் சிக்னலை அப்படியே எலக்ட்ரான் கற்றையாக்கி, மேலிருந்து கீழாக வரி வரியாகத் திரையில் வரைந்துவிடும். படத்தைச் சேமித்து வைக்க அதில் இடமே இல்லை. பட்டனை அழுத்தினால், கேம் பெட்டி அடுத்த படத்தை அனுப்பிய கணத்திலேயே திரையில் அது வரையத் தொடங்கிவிடும்.

2006 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய இலவசக் கலர் டிவித் திட்டம் நினைவிருக்கும். 2011-ல் ஆட்சி மாறி நிறுத்தப்படும் வரை மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் வீடுகளுக்குப் போயின. எல்லாம் 14 அங்குல டப்பா டிவிகள். "இதெல்லாம் ஒரு டிவியா?" என்று கேலி செய்தவர்கள் ஏராளம். ஆனால் பட்டனுக்கும் படத்துக்கும் இடையே உள்ள நேரத்தில், அந்த இலவச டிவிக்குப் பக்கத்தில் நிற்கக்கூட இன்றைய பல பெரிய டிவிகளுக்கு, கடையிலிருந்து வந்த நிலையில், தகுதி இல்லை.

புது டிவி என்ன செய்கிறது? முதலில் வந்த படத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. பிளேஸ்டேஷன் 2 ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறி அனுப்பும். அந்த இரண்டையும் சேர்த்து முழுப்படம் ஆக்க வேண்டும். பிறகு 576 வரிப் படத்தை 2160 வரிக்கு இழுக்க வேண்டும். பிறகு புள்ளிகளைத் துடைத்து, நிறத்தை ஏற்றி, ஓரங்களைக் கூர்மையாக்க வேண்டும். இதெல்லாம் போதாதென்று, அசைவு வழுவழுப்பாகத் தெரிய இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒரு படத்தைக் கற்பனை செய்து சொருகுகிறது. இதற்கு அடுத்த படம் வரும் வரை காத்திருந்தே ஆக வேண்டும். வேறு வழியே இல்லை. நாளை நடக்கப் போவது தெரியாமல் இன்றைக்கும் நாளைக்கும் நடுவில் என்ன என்று யாரால் சொல்ல முடியும்?

இங்கே ஒரு படம் என்பது 20 மில்லி விநாடி. இப்படி நாலைந்து படங்களைத் தேக்கினால் 100 மில்லி விநாடி, அதாவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. சாதாரண மோடில் இந்த அளவையும் தாண்டும் டிவிகள் உண்டு. இதைத்தான் ஆங்கிலத்தில் இன்புட் லேக் என்கிறார்கள். தமிழில் தாமதம் என்றால் போதும்.

பத்தில் ஒரு பங்கு பெரிய விஷயமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகப்பந்து மணிக்கு 144 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 40 மீட்டர். ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸுக்கு 17.68 மீட்டர். ஆக, பந்து மட்டைக்கு வர அரை விநாடிகூட ஆகாது, கிட்டத்தட்ட 0.44 விநாடிதான். டிவி 0.1 விநாடி தாமதித்தால், திரையில் தெரியும் இடத்தைவிட பந்து 4 மீட்டர் முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம்! கேம் பெட்டியின் கணக்கில் ஸ்டம்ப் தெறித்த பிறகும், திரையில் பந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது. செத்துப்போன பந்தை அடிக்கச் சொல்லிவிட்டு, "கை வரலை" என்பது எந்த ஊர் நியாயம்?

விளையாட்டு செய்பவர்களுக்கு இது எப்போதோ தெரியும். 2008-ல் வந்த ராக் பேண்ட் 2 என்ற இசை விளையாட்டின் கிடாரிலேயே டிவியின் தாமதத்தை அளக்க வெளிச்சத்தை உணரும் கருவியும் மைக்கும் வைத்திருந்தார்கள். 2001-ல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ போட்டிகளுக்கு இன்றும் தேடிப்பிடித்து டப்பா டிவிகளைத்தான் தூக்கி வருகிறார்கள். வாத்து சுடும் விளையாட்டு நினைவிருக்கிறதா? 8-பிட் டிவி கேம் செட்டோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வருமே, அதுதான். விசையை இழுத்த கணத்தில் திரையில் மின்னும் வெளிச்சத்தை அந்தத் துப்பாக்கி தேடும். எல்சிடி திரையில் அந்த வெளிச்சம் நேரத்துக்கு வராது. வாத்து சாகாது. பையன் துப்பாக்கி கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடுவான். இங்கேயும் பழி டிவி மேல் விழவில்லை பாருங்கள்!

தோல் ஊருக்குத் தெரியாத பாடமா?

இந்த அநியாயம் உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நீளும் தோல் பட்டையில் அது நடப்பதுதான் பெரிய வேடிக்கை. ஏனென்றால் எண் இல்லாமல் ஒரு பொருளும் நகராத ஊர்கள் இவை.

ஐரோப்பாவுக்கு ஒரு ஜோடி ஷூ போக வேண்டுமானால் பளபளப்பு மட்டும் போதுமா? 2015 மே 1 முதல், தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டிவிட்டால் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் அதற்கு இடமில்லை. அப்பர் தோலைப் பல ஆயிரம் முறை மடக்கி மடக்கிப் பார்க்கிறார்கள், விரிசல் விடுகிறதா என்று. சாயம் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பார்க்கிறார்கள். தையல் எவ்வளவு இழுவை தாங்கும் என்று இழுத்துப் பார்க்கிறார்கள். சென்னையில் 1948-லிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதும் இப்படி அளந்து சொல்லத்தானே! "சார், பார்க்க நல்லா இருக்கு, வாங்கிக்கோங்க" என்று இங்கிருந்து எந்த ஏற்றுமதியாளராவது வெளிநாட்டு பையரிடம் சொல்ல முடியுமா? சரக்கு துறைமுகத்திலிருந்தே திரும்பும்.

அப்படிப்பட்ட ஊரின் தொழிலாளி, தன் மூன்று மாதச் சேமிப்பைக் கொட்டி வாங்கும் டிவியின் அட்டைப்பெட்டியில் என்ன இருக்கிறது? நூறு கோடி வண்ணம், சினிமா அனுபவம், வாட் கணக்கில் சத்தம். தாமதம் எத்தனை மில்லி விநாடி? அந்த ஒரு எண் மட்டும் இல்லை!

இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம். தையல் மிஷினில் பெடலை அழுத்தி விநாடியில் பத்தில் ஒரு பங்கு கழித்து ஊசி இறங்கினால் என்ன ஆகும்? அப்பர் நாசம். அப்போது சூப்பர்வைசர்கூட மிஷினைத்தான் கழற்றிப் பார்ப்பார். அதே கை வீட்டுக்கு வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கும்போது மட்டும் குற்றம் கையுடையதாகிவிடுகிறதே, எப்படி?

வழக்கமான சமாதானங்கள்

"மனிதன் ஒன்றைப் பார்த்துச் செயல்படவே 0.2 விநாடி ஆகும், இதில் 0.1 யாருக்குத் தெரியும்?" என்பார்கள். தெரியும். அந்த 0.1 ஏற்கெனவே இருக்கும் 0.2-க்குப் பதிலாக வரவில்லை, அதன் தலைமேல் ஏறி உட்காருகிறது. தவிர, எந்த விளையாட்டும் பார்த்த பிறகு மட்டும் ஆடுவதில்லை. வரப்போவதைக் கணித்து ஆடுவது. தவில் அடிப்பவரின் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் பத்தில் ஒரு பங்கு விநாடி பிந்தி வந்தால் அவரால் தாளத்தில் நிற்க முடியுமா?

"டிவி பார்ப்பதற்குத்தானே, விளையாடுவதற்கா?" என்பது அடுத்தது. அப்படியானால் விளம்பரத்தில் கேம் கன்ட்ரோலரைப் பிடித்த பையனை எதற்குக் காட்டுகிறார்கள்? சினிமா பார்ப்பவருக்குத் தாமதம் தெரியாது. படமும் ஒலியும் சேர்ந்தே பிந்தினால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உண்மை. அதனால்தான் கடையில் ஓடும் டெமோவைப் பார்த்து எவராலும் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத குறையைத்தானே எழுதிச் சொல்ல வேண்டும்?

"வெறும் பிள்ளை விளையாட்டு" என்பது மூன்றாவது. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். 2025-ல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்த கையோடு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக அங்கீகரித்தது. ஓடுகளத்தை அளக்காமல் ஓட்டப்பந்தயம் நடத்துவார்களா?

"கேம் மோட் இருக்கிறதே!" என்பது கடைசி சமாதானம். இதுதான் கொஞ்சம் கனமானது. ஆம், இருக்கிறது. நல்ல டிவியில் கேம் மோடைப் போட்டால், எச்டிஎம்ஐ வழியே வரும் படத்துக்குத் தாமதம் 10 மில்லி விநாடி அளவுக்கு இறங்கிவிடும். டப்பா டிவிக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் அது மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருக்கிறது. கேம் பெட்டியைக் கண்டதும் தானாக மாறும் வசதி எச்டிஎம்ஐ 2.1-இல் வந்தது, அதற்கு டிவியும் புதிதாக வேண்டும், கேம் பெட்டியும் புதிதாக வேண்டும். மூன்று நிற ஒயரில் வரும் பழைய பெட்டிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. மலிவு விலை டிவிகள் பலவற்றில் கேம் மோட் என்ற சொல்லே இல்லை. பெட்டியில் எண் இருந்தால்தானே எது நல்ல டிவி, எது இல்லை என்று தெரியும்? ஆக, கேம் மோட் இருக்கிறது என்ற பதிலே குற்றத்தை உறுதி செய்கிறது. குறைக்க முடியும் என்று தெரிந்திருக்கிறது. எவ்வளவு என்று அளக்கவும் தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் மனமில்லை!

என்ன செய்யலாம்?

இது பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. டிவி எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று நட்சத்திர முத்திரை ஒட்ட வைத்த நாடு இது. 2012-ல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் பட்டியலில் 32 அங்குலமும் அதற்கு மேலுமான எல்சிடி, எல்இடி டிவிகளும் இருந்தன, வீடியோ கேம்களும் இருந்தன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் பதிவு செய்துதான் விற்க வேண்டும். ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று பார்க்கும் அந்த ஏற்பாட்டோடு, சாதாரண மோடில் இத்தனை மில்லி விநாடி, கேம் மோடில் இத்தனை மில்லி விநாடி என்று இரண்டு எண்களை அச்சிடச் சொன்னால் ஆயிற்று. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்றே சொல்கிறது. தாமதம் தரத்தில் சேராதா?

ஒரு எச்சரிக்கை. "ரெஸ்பான்ஸ் டைம் 1 மில்லி விநாடி" என்று போட்டிருந்தால் ஏமாறக்கூடாது. திரையின் ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம் அது. இங்கே பேசுவது வேறு. படம் திரைக்கு வந்து சேரவே ஆகும் நேரம். ஒன்றைக் கேட்டால் மற்றதைக் காட்டுவது பழைய கடைக்காரத் தந்திரம்.

சட்டம் வரும் வரை வாங்குபவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. பல செல்போன்களில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. கட்டை விரலும் டிவியும் ஒரே காட்சியில் தெரியும்படி எடுத்து, பட்டன் அழுந்தியதிலிருந்து திரையில் ஆள் அசையும் வரை எத்தனை படம் என்று எண்ண வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லி விநாடி. கேம் மோட் இல்லாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க டிவி தின்ற நேரம். கேம் பெட்டியைக் கடைக்கே எடுத்துப் போய்ச் சோதித்தால் இன்னும் நல்லது. செருப்பைப் போட்டு நடந்து பார்க்காமல் யாராவது வாங்குவார்களா?

ஷூவின் உள்ளே ஒரு நூல் பிசகினாலும் எழுதித் திருப்பி அனுப்பும் உலகத்துக்கு, தலைமுறை தலைமுறையாகக் கணக்குச் சொல்லி வரும் ஊர் இது. அந்த உலகம் விற்கும் டிவியிடம் ஒரே ஒரு எண்ணைத் திருப்பிக் கேட்க இந்த ஊருக்கு முழு உரிமை இருக்கிறது.

அண்ணன் ஜாய்ஸ்டிக்கை மறுபடியும் இறக்கலாம். அந்தக் கை நன்றாகத்தான் இருக்கிறது!