கதை முடியும் வரை காத்திருப்போமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். பொறியியல் படிக்கும் என் பேத்தி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சலிப்புடன் சொன்னாள்:

"தாத்தா, அந்த ஆளுக்கு எழுபத்தஞ்சு தாண்டியாச்சு. கதையை முடிக்கறதுக்குள்ள போயிட்டார்னா நாங்க என்ன பண்றது?"

அவள் சொன்ன ஆள் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க எழுத்தாளர். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று உலகமே பார்த்த தொலைக்காட்சித் தொடரின் மூலக்கதையை எழுதியவர். அவர் பிறந்தது 1948-ல். வேடிக்கை என்னவென்றால் நானும் 1948-ல்தான் பிறந்தேன்! இதை நான் சொன்னதும் பேத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களைச் சொல்லலை தாத்தா" என்றாள். அவள் என்னைச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை. அதனால்தான் நம் சங்கப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டினின் முதல் பாகம் 1996-ல் வெளிவந்தது. அடுத்த இரண்டும் 2000-க்குள் வந்துவிட்டன. நான்காவதற்கு வாசகர்கள் 2005 வரை காத்திருந்தார்கள். ஐந்தாவது 2011-ல் வந்தது. ஆறாவதற்கு 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' என்று பெயர் வைத்தாயிற்று. பகுதிகள் சில வெளியிடவும் ஆயிற்று. புத்தகம்தான் இதை நான் எழுதும் வரை வரவில்லை. அதற்குப் பிறகும் ஒரு பாகம் பாக்கி! ஆசிரியரோ பழைய டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் என்னும் அந்தக் காலத்து மென்பொருளில்தான் எழுதுகிறாராம். அது தாமதத்துக்குக் காரணம் இல்லை. ஆனால் வாசகர்களின் கோபத்துக்கு எண்ணெய் ஊற்ற அதுவும் போதுமானதாயிற்று.

நம் பக்கத்தில் இப்படி ஒரு காத்திருப்பு இருந்ததில்லையா? இருந்தது. 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' ஆரம்பமாயிற்று. 1954 மே மாதம் வரை, மூன்றரை வருஷம், வாரா வாரம் வந்தது. அப்போது நான் சிறு குழந்தை. எனக்கு நினைவிருப்பதைவிட, அம்மா சொல்லித் தெரிந்துகொண்டதே அதிகம். அப்பாவுக்கு இங்கே மைசூரில் ரயில்வேயில் வேலை. சென்னையிலிருந்து ரயிலில் வரும் கல்கிக் கட்டை ஸ்டேஷனிலேயே பிரித்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவாராம். அந்த ஒரு பிரதியை எங்கள் தெருவில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள் படித்தன. முதலில் எங்கள் வீட்டில் சத்தம் போட்டு வாசிப்பு. ஏனென்றால் எங்கள் அத்தைக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. சிறு வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அவளுக்கு வாரத்தில் ஒரே ஒரு திருநாள்தான். அது கல்கி வரும் நாள். ரயில் தாமதமானால் அத்தை ரயில்வேயைத் திட்டுவாள். அத்தியாயம் முக்கியமான இடத்தில் நின்றால் கல்கியைத் திட்டுவாள். "இந்த மனுஷனுக்கு மனசே கிடையாதா? வந்தியத்தேவனை இப்படி அந்தரத்தில விட்டுட்டுப் போயிட்டாரே!" என்பாளாம்.

1954 பிப்ரவரியில் அத்தை காலமானாள். கதை முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. மீதி அத்தியாயங்களையும் அப்பா சத்தமாகவே படித்தாராம். கேட்க ஆள் இல்லை. பழக்கம் விடவில்லை என்று அம்மா சொல்வாள்.

ஆசிரியர் போய்விட்டால் என்ன செய்வது என்கிறாள் பேத்தி. வாசகர் போய்விட்டால் என்ன செய்வது? அதை யாரும் கேட்பதில்லை.

ஆசிரியர் போனதும் நடந்திருக்கிறது. பொன்னியின் செல்வனை முடித்த அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி மறைந்தார். வயது ஐம்பத்தைந்துதான். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்றது. தந்தை விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு அவர் மகள் ஆனந்தி அதை முடித்துக் கொடுத்தார். வாசகர்களின் நச்சரிப்பையும் கல்கி அறிந்திருந்தார். பொன்னியின் செல்வன் முடிந்தபோது, 'அப்புறம் இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார்' என்று கேட்டு எழுதியவர்களுக்காகத் தனியே ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். கோபித்துக்கொள்ளவில்லை. வாசகர் தன் கதாபாத்திரங்கள்மேல் வைத்த பிரியம்தான் அப்படிக் கேள்வியாக வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே என் கதை ஒன்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். எழுபதுகளில் ஒரு வார இதழில் ஒரு தொடர்கதையை விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையின் பெயரும் ஆசிரியரின் பெயரும் வேண்டாம். திடீரென்று தொடர் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம்! எனக்கு அப்போது கல்யாணம் ஆகாத வயது, வங்கியில் குமாஸ்தா வேலை, கையில் நேரம் நிறைய. ஓர் அஞ்சலட்டையை எடுத்து, "காசு கொடுத்துப் படிக்கும் வாசகனை ஏமாற்றுவது எந்த ஊர் நியாயம்? எழுத முடியாவிட்டால் ஆரம்பித்திருக்கவே கூடாது" என்று வீராவேசமாக எழுதிப் போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவருடைய மனைவி மூன்று மாதமாக ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், இரவில் அங்கேயே தங்குவதால் எழுத முடியவில்லை என்றும், சீக்கிரம் தொடர்வதாகவும், கதையை இவ்வளவு நினைவு வைத்திருந்ததற்கு நன்றி என்றும் நாலே வரி. அந்த 'நன்றி'யைப் படித்தபோது எனக்கு முகம் சுட்டது. அந்த அட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. யாரையாவது அவசரப்படுத்தத் தோன்றினால் அதை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

நிற்க. தொலைக்காட்சி விஷயத்துக்கு வருகிறேன். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடர் 2011-ல் ஆரம்பித்தது. 2016-ல், ஆறாவது பருவத்தில், புத்தகத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஆசிரியர் இன்னும் எழுதாத கதையைத் தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லி முடிக்க வேண்டிய நிலை. 2019-ல் முடித்தார்கள். முடிவு பிடிக்காமல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்! இதிலே ஒரு பாடம் இருக்கிறது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று கேட்டவர்களுக்குச் சீக்கிரமாக ஒரு முடிவு கிடைத்தது. அது அவர்களுக்கே பிடிக்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பொன்னியின் செல்வனைப் படமாக்க 1958-லேயே எம்.ஜி.ஆர். உரிமை வாங்கினார், நடக்கவில்லை. 1999-ல் சென்னையில் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் மேடை நாடகமாகப் போட்டார்கள். மணி ரத்னத்தின் படம் 2022-லும் 2023-லும் இரு பாகங்களாக வந்தது. நாவல் முடிந்து அறுபத்தெட்டு வருஷம் கழித்து! ஐந்து பாகக் கதை இரண்டு படத்தில் அடங்க வேண்டுமே, மணிமேகலையையே காணோம். ஆனாலும் திரையரங்கிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. காரணம் எளிது. மூலம் முழுமையாக வீட்டு அலமாரியில் இருக்கிறது. படம் எப்படிப் போனாலும் மணிமேகலை அங்கே பத்திரமாக இருக்கிறாள்.

நம் ஊர்க்காரர் ஆர்.கே. நாராயணுக்கு இரண்டு அனுபவமும் உண்டு. அவருடைய 'கைடு' நாவல் 1965-ல் இந்திப் படமாக வந்தபோது மால்குடி ராஜஸ்தானத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. தன் கதைக்கு நேர்ந்ததை அவர் பிறகு கிண்டலும் வருத்தமுமாக ஒரு கட்டுரையில் எழுதினார். 1980-களில் சங்கர் நாக், ஆகும்பேயில் மால்குடியை எழுப்பித் தூர்தர்ஷனுக்கு எடுத்த 'மால்குடி டேஸ்' தொடரையோ இன்றும் ஜனங்கள் கொண்டாடுகிறார்கள். யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டையும் நினைத்துக்கொள்வேன். படமெடுப்பவர் கதையின் மண்ணை மதித்தாரா என்பதுதான் கேள்வி. அவசரக்காரர்களுக்கு மண்ணைப் பார்க்க நேரம் இருக்காது.

முடியாத கதை நம் நாட்டுக்குப் புதிதில்லை. பாணபட்டர் 'காதம்பரி'யைப் பாதியில் விட்டு மறைந்தார், மகன் முடித்தார். இந்தக் கன்னட நாட்டில் குமாரவியாசர் பாரதத்தின் முதல் பத்துப் பருவங்களைத்தான் பாடினார். மீதியைக் கிருஷ்ணதேவராயர் காலத்தில் திம்மண்ண கவி பாடினார். தெலுங்கிலோ நன்னயர் தொடங்கியதை முடிக்கத் திக்கனர், எர்ரனர் என்று மேலும் இரண்டு கவிகள் வேண்டியிருந்தார்கள். ஏறக்குறைய முந்நூறு வருஷம் பிடித்தது! அதற்காக நன்னயரை யாராவது திட்டினார்களா? இன்றும் இங்கே கமக வாசிப்பில் குமாரவியாச பாரதத்தைக் கேட்க உட்காருபவர்கள், 'பாக்கி எட்டுப் பருவம் எங்கே' என்று கேட்பதில்லை. பாடியதைக் கேட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அப்படியானால் வாசகருக்கு உரிமையே இல்லையா என்று பேத்தி மடக்கினாள். நியாயமான கேள்வி. என் அத்தையை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்: உரிமை உண்டு. தன் ஆயுளில் ஒரு பகுதியைக் கொடுத்துக் காத்திருப்பவருக்கு உண்மையைக் கேட்க உரிமை உண்டு. 'இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வரும்' என்று ஆசிரியர் தவணை சொல்லிக்கொண்டே போவது சரியல்ல. முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லிவிடலாம். 'காத்திருந்து அலுத்துவிட்டது' என்று சொல்லவும் வாசகருக்கு உரிமை உண்டு. புத்தகத்தை மூடி வைக்கவும் உண்டு. ஆனால் எழுதுபவரின் வயதை விரல்விட்டு எண்ணுவதற்கும், 'போவதற்குள் முடித்துக் கொடு' என்று கேட்பதற்கும் யாருக்கும் உரிமை கிடையாது. கடன்காரனிடம்கூட அப்படிக் கேட்கமாட்டோமே! ஐந்து பாகம் தந்தவர் நமக்குக் கடன்பட்டவரா என்ன?

பேத்தி சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய், அப்பா பைண்டு செய்து வைத்திருந்த கல்கி தொகுப்பில் முதலாவதை எடுத்து வந்தாள். தாள் பழுத்து, மணியத்தின் படங்கள் மங்கிப்போயிருந்தன. அவளுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "நீங்க படிங்க தாத்தா, நான் கேக்கறேன்" என்றாள். ஞாயிறுதோறும் ஓர் அத்தியாயம் என்று ஒப்பந்தம். ஐந்து பாகம் முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று நான் கணக்குப் போடவில்லை. அவளும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பழைய பைண்டு இருக்கும். இறக்கித் தூசு தட்டுங்கள். கேட்க ஒருவர் இருக்கும்போதே சத்தமாகப் படியுங்கள்.