ராட்சசனும் நம் பிள்ளைகளின் மௌனமும்

2018இல் வெளிவந்த ‘ராட்சசன்’, பள்ளி மாணவியரைக் கொல்லும் தொடர் கொலைகாரனைக் காவல்துறை தேடும் படம். பெண்ணாடத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் அதனைக் கைபேசியில் பார்த்திருக்கக்கூடும். அவர்கள் கொலைகாரனைக் கண்டு அஞ்சுவர். பெற்றோராகிய நாம் அஞ்ச வேண்டியதோ, அப்படத்தில் மாணவியரிடம் அத்துமீறும் ஆசிரியனைக் கண்டு. அவன் கொலைகாரன் அல்லன். மரியாதைக்குரிய இடத்தில் இருப்பவன்.

பள்ளியாயினும் மதரஸாவாயினும், பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ‘உஸ்தாத்’ என்னும் மதிப்பு எவருக்கும் கேடயமாகக் கூடாது. உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சி பகருமாறு அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. அறிந்தும் புகாரளிக்காதிருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். 1098 என்னும் எண்ணைக் குழந்தைகளே அழைக்கலாம். குடும்ப மானம் கருதி மூடிமறைப்பது அநீதிக்குத் துணைபோவதாகும். பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்ல வரும்போது, அதட்டாமல் செவிகொடுப்போம்.