எடிட்டிங்கில் முழு மார்க், கட்டுரையில் ஏன் தடுமாற்றம்?

சிங்கப்பூர் ஓ லெவல் ஆங்கிலத் தேர்வின் முதல் தாளில் 'எடிட்டிங்' என்று ஒரு பகுதி உண்டு. சின்னதாக ஒரு பத்தி கொடுப்பார்கள். முதல் வரியும் கடைசி வரியும் சரியாக இருக்கும். நடுவில் உள்ள 10 வரிகளில் எட்டில் மட்டும் வரிக்கு ஒரு இலக்கணப் பிழை. கண்டுபிடித்துத் திருத்தினால் 10 மார்க்.

இந்தப் பத்து மார்க்குக்காக நம்ம வீடுகளில் நடக்கும் பயிற்சி கொஞ்சமா? டியூஷன், பயிற்சிப் புத்தகம், பழைய வினாத்தாள் என்று சனி, ஞாயிறு முழுக்க ஓடிவிடுகிறது. ஆனால் எடிட்டிங்கில் ஒன்பது வாங்கும் பிள்ளை, அதே தாளில் 60 மார்க்குக்கு எழுத வேண்டிய இரண்டு கட்டுரைகளில் தடுமாறுகிறதே, ஏன்?

காரணம் எளிது. தேர்வில் வருவது யாரோ உட்கார்ந்து நட்டுவைத்த பிழை. ஒரு சொல்லை மாற்றினால் சரியாகிவிடும். பிள்ளைகள் நிஜமாகச் செய்யும் பிழை அப்படி வரிக்கு ஒன்றாக வருவதில்லை.

இதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய சுமார் 1,400 கட்டுரைகளில் ஆங்கில ஆசிரியர்களை வைத்துப் பிழைகளைக் குறித்து, 'நியூக்கிள்' என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். கணினிக்குப் பிழை திருத்தக் கற்றுக்கொடுக்கும் எங்கள் துறையினருக்கு அது பழக்கமான பெயர். 2013-ல் அதை வைத்து நடந்த போட்டியில் ஐந்து வகைப் பிழைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2014-ல் 28 வகைகளையும் சேர்த்தார்கள். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதில் வரும் தவறும், தேவையில்லாமல் சொற்களை அடுக்குவதும் அதில் நிறையவே இருக்கின்றன.

இன்னொன்று. 'இந்த வரியில் பிழை இருக்கலாம்' என்று தேர்வு முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது. சொந்தக் கட்டுரையில் யார் எச்சரிப்பார்கள்? 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் யோசிக்கும் பிள்ளை, 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதும். அதன் காதுக்கு அது சரியாகவே கேட்கும். பத்து தடவை படித்தாலும் கண்ணில் படாது.

தப்பே இல்லாத கட்டுரையும் ஏமாற்றலாம். ஜாக்லின் ஷாக்டர் என்ற ஆய்வாளர் 1974-லேயே இதைக் காட்டினார். ஒருவகைக் கூட்டு வாக்கியத்தில் சீன, ஜப்பானிய மாணவர்கள் குறைவாகவே தப்பு செய்தார்கள். காரணம், அந்த வாக்கியத்தையே அவர்கள் அதிகம் எழுதவில்லை. தெரியாததை ஒதுங்கிப் போவதை எந்த எடிட்டிங் கேள்வி பிடிக்கும்?

அதற்காக எடிட்டிங் பகுதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருத்துவது சுலபம், ஆளுக்கு ஆள் மார்க் மாறாது, காலம், ஒருமை பன்மை போன்ற விதிகளை நினைவூட்டும். ஆனால் அந்தப் பத்தியை மாணவர்கள் உண்மையில் எழுதிய கட்டுரைகளிலிருந்து எடுக்கலாமே? சொல்லை மாற்றச் சொல்லாமல், ஒரு முழு வாக்கியத்தையே திருத்தி எழுதச் சொல்லலாமே?

தேர்வு மாறும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கடைசி ஐந்து கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் சிவப்பு மையில் குறித்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வருவது நாலைந்து பிழைதான் இருக்கும். அடுத்த பயிற்சிப் புத்தகத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால், அந்த நாலைந்தைச் சரிசெய்யப் பாருங்கள்.